கைக்கு அடக்கமான துவக்கு

புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்த பண்டகசாலையில் தூண்டில், மீன்வலை, கூடாரம், முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்து என்று எல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. ஆகக் கடைசியில், இரும்புக் கம்பிவலை அடித்த ஓர் அறை இருந்தது. அதற்கு இரண்டு பூட்டு. திறப்புகள் எப்போதும் முதலாளியின் இடுப்பில். உள்ளே துவக்குகள் இருக்கின்றன, வேட்டைக்காரருக்கும் குறிசுடும் கிளப்காரருக்கும் விற்பவை, என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்காக, கழிவறைக்குப் போவதற்குக்கூட நான் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் போவேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் கணவரும் மொன்ட்ரியாலுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் திருகோணமலை, அவர் யாழ்ப்பாணம். அகதிக்கோரிக்கை கொடுத்து, பத்து விரலையும் மையில் உருட்டிக் கொடுத்து, வேலை செய்யும் அனுமதிப் பத்திரம் மட்டும் கைக்கு வந்திருந்தது. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். மொன்ட்ரியால்-நோரில் குளியலறையையும் அரை அறையாகச் சேர்த்து ஒரு மூன்றரை அறை வீடு. அங்கிருந்து பஸ், மெத்ரோ, பிறகு இன்னொரு பஸ் பிடித்துத்தான் நான் வேலைக்குப் போய்ச் சேருவேன். என் வேலை தூண்டில் முட்களைச் சின்னச் சின்ன உறைகளில் போடுவது. என் விரல்கள் சின்னவை என்பதால் அந்த வேலை எனக்கு வேகமாக ஓடும். அதை முதலாளி கவனித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கிழக்கு ஐரோப்பாவில் எங்கிருந்தோ இளமையில் இங்கே வந்து சேர்ந்தவர். அறுபது வயது இருக்கும். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான், கூட்டல் கழித்தல் இல்லாமல் நேராக வரும்.

"உன் கையைக் காட்டு," என்றார்.

நான் எழுந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். போதாதாக்கும் என்று, சட்டைக் கையை மடித்து முழங்கைகளையும் திருப்பிக் காட்டினேன்.

"முழங்கையில் என்ன? காயமா?"

"இல்லை, ஒன்றுமில்லை."

"பிறகு ஏன் காட்டுகிறாய்?"

ஊரில் சோதனைச் சாவடியில் கையைக் காட்டு என்றால் முழங்கையையும் காட்டவேண்டும். தரையில் ஊர்ந்து பயிற்சி எடுத்தவர்களுக்கு அங்கே தோல் தடித்திருக்கும் என்று தேடுவார்கள். என் கணவருக்கு முழங்கையில், சைக்கிளால் விழுந்த ஒரு பழைய தழும்பு இருந்தது. அதற்காக அவரை ஒருமுறை நாலு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்கள். இதை எல்லாம் புவாண்ட்-கிளேரில் தூண்டில் முட்களுக்கு நடுவில் நின்று எப்படிச் சொல்வது? சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து தையற்காரரின் அளவுநாடாவை எடுத்தார். என் பெருவிரலும் சுட்டுவிரலும் பிரிகிற கவட்டிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை அளந்தார். ஒரு தாளில் எழுதினார். முகம் மலர்ந்துவிட்டது.

"மிகச் சின்னது. அருமை," என்றார்.

விஷயம் இதுதான். குறிசுடும் கிளப்களில் இருக்கும் பெண்களிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்திருந்தன. கடைகளில் கிடைக்கும் பிஸ்டல் எல்லாம் தங்கள் கைக்குப் பெரிதாக இருக்கின்றன, சுட்டால் பெருவிரல் மூட்டு நோகிறது, சின்னக் கைக்கு எது பொருந்தும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவருடைய கையோ பனையோலை விசிறி மாதிரி. அவரால் எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே நான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, எது வசதி என்று சொல்லவேண்டும். அதை வைத்து அவர் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடிப்பார்.

"நான் அகதி," என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுதான் வாயில் வந்தது.

"நானும்தான் ஒரு காலத்தில்," என்றார் அவர். "வா."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகுமோ? அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் அதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. சட்டப்படி சரியா என்று மட்டும் கேட்டேன். துப்பாக்கி வெறுமையாக இருக்கும், அறை பூட்டியிருக்கும், நான் பக்கத்தில் நிற்பேன், எல்லாம் சரி என்றார்.

அறைக்குள் ஒரு மேசையில் பச்சைத் துணி விரித்து ஆறு கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் திறந்து, குண்டு இல்லை என்று தானும் பார்த்து எனக்கும் காட்டினார். இரண்டு தரம் காட்டினார். அறையில் இயந்திர எண்ணெய் மணந்தது. தையல் மெஷின் மணம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததால் கை நீட்ட முடிந்தது.

முதலாவது பெரியது. அதன் பிடியைப் பிடித்தால் என் விரல் விசைக்கு எட்டவில்லை. எட்டவைக்கக் கையைத் திருகினால், குழல் ஒரு பக்கம் பார்த்தது, என் முழங்கை இன்னொரு பக்கம் பார்த்தது. "இப்படிச் சுட்டால் உதை எல்லாம் பெருவிரல் எலும்பில் விழும்," என்று சொல்லி அவர் அதை ஒதுக்கி வைத்தார். இரண்டாவதற்கு மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துத்தான் ஆயத்தம் செய்யவேண்டும். நான் மூச்சைப் பிடித்து இழுத்தும் அது பாதி தூரம்கூட வரவில்லை. மூன்றாவது, கைப்பைக்குள் வைக்கும் அளவில் ஒரு சின்னன். பார்த்தவுடன் "இது" என்றேன்.

அவர் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். உன் சின்னவிரல் எங்கே இருக்கிறது, பார்."

பார்த்தேன். பிடி முடிந்துபோய், சின்னவிரல் அந்தரத்தில் தொங்கியது.

"சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று நினைப்பது பிழை," என்றார். "பாரம் குறைந்தால் உதை கூடும். சுடும்போது தெரியும்."

சுடும்போது என்றால்? யார் சுடும்போது? நான் அடுத்ததற்குக் கையை நீட்டினேன்.

நாலாவது ஒரு நடுத்தர ரிவால்வர். பாரமானது. பிடியில் தடித்த மரச் சட்டம். அதுவும் எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் ஒரு திருப்புளியை எடுத்து அந்த மரத்தைக் கழற்றி, வேறு ஒரு மெல்லிய மரத்தைப் பூட்டித் தந்தார். பிடித்தேன். கவடு சரியாகப் போய் மேலே அமர்ந்தது. மூன்று விரலும் பிடியைச் சுற்றின. சுட்டுவிரலின் முன்சதை விசையின் மேல் தானாகப் போய் நின்றது. குழல் என் முன்கை எலும்பின் நீட்சி மாதிரி நேராக நின்றது.

"வசதியா?" என்று கேட்டார்.

எனக்கு வார்த்தை அகப்படவில்லை. ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும்தான். செருப்பு வசதி, கதிரை வசதி, பஸ் வசதி. துவக்குக்கு என்ன சொல்வது? எங்கள் ஊரில் துவக்கு எப்போதும் மற்றவனின் கையில்தான் இருந்தது. அவனுக்கு அது வசதியாக இருந்ததா என்று யாரும் யோசித்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தாளில் சரி போட்டார். மற்ற இரண்டையும் பிடித்தேனா என்பதுகூட இன்று ஞாபகம் இல்லை. பிடித்திருப்பேன், ஏனென்றால் பிறகு ஆறு என்றுதான் கணவரிடம் சொன்னேன்.

போவதற்கு முன் என் கையை ஒரு வெள்ளைத் தாளில் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்தார். பிரசுரத்தில் அதே அளவில் அச்சடிக்கப் போகிறாராம். வாசிக்கிறவர் தன் கையை அதன் மேல் வைத்துத் தன் கை சின்னதா பெரிதா என்று பார்க்கலாமாம்.

அன்று பின்னேரம் கணவர் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் வேலை. வியாழனில் லீவு. நான் சப்பாத்தைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் அகப்பையை வைத்தார். "தொட்டனீரோ?"

"ஓம்."

"எத்தினை?"

"ஆறு."

"கையுறை போட்டனீரோ?"

"இல்லை."

"இஞ்சேரும், உம்மட பத்து விரலும் அவங்களிட்ட இருக்கு. மையில உருட்டிக் குடுத்தனாங்கள் எல்லோ! நாளைக்கு அந்தத் துவக்கால எவனாவது எவனையாவது சுட்டால் ஆற்ற கைரேகை வரும்? உம்மட கைரேகை!"

"அது குறிபாக்கிற ஆக்களுக்கு விக்கிற சாமான்."

"அங்கையும் அப்பிடித்தான் முதல்ல சொன்னவங்கள்," என்றார் அவர். யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது. "கையையும் கீறிக் குடுத்திட்டு வந்திருக்கிறீர். நாளைக்குப் போய் முதல் வேலையா எல்லாத்தையும் துடையும்."

அவர் சொன்னது விசர்க்கதை என்று ஒரு நிமிடமும், முழுக்கச் சரி என்று அடுத்த நிமிடமும் தோன்றியது. மறுநாள் காலை முதலாளியிடம் போய், நேற்றுத் தொட்டவற்றைத் துடைத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். வியர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், தொட்டவர் துடைத்து வைக்கவேண்டும், பத்து வருடமாகக் கத்துகிறேன், இங்கே ஒருவரும் செய்வதில்லை என்றார். எண்ணெய்த் துணியைத் தந்தார். நான் ஆறையும் மூலை முடுக்கு விடாமல் துடைத்தேன். அதிலிருந்து அவருக்கு என்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அந்த அறையைத் துப்பரவு செய்யும் பொறுப்பையும் எனக்கே தந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கடிதம் எழுதியவர்களில் ஒரு பெண் நேரில் வந்தாள். இல்-பிசாரில் இருக்கிறவள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி உயரம், அதற்கேற்ற அகலம். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே பத்து வயதுப் பிள்ளையின் கை. வேறு யாருடைய கையையோ கொண்டுவந்து பூட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்குப் பிரெஞ்சு மட்டும்தான். எனக்குப் பிரெஞ்சில் பொன்ஷூர், மெர்சி, பஸ் எண்கள் தெரியும். அவள் என் கையைப் பிடித்து நிமிர்த்தி, தன் கையை அதன்மேல் வைத்துப் பொருத்திப் பார்த்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. அவள் போட்ட சிரிப்பில் பண்டகசாலையே திரும்பிப் பார்த்தது.

அவளுடைய கிளப்பில் ஞாயிறு காலையில் சுட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. முதலாளி என்னையும் வரச்சொன்னார். அவரும் அதில் உறுப்பினர்; தன்னுடைய விருந்தாளியாக, தன்னுடைய பொறுப்பில். நான் வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். போகும்போது அது உண்மைதான்.

நீளமான, சன்னல் இல்லாத ஒரு மண்டபம். மறுகோடித் தொங்கலில் கடதாசிக் குறிகள் தொங்கின. காதை மூட ஹெட்போன் மாதிரி ஒன்றைத் தந்தார்கள். சத்தம் கேட்டால் நான் தரையில் படுத்துவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். முதல் வெடி கேட்டது. தலையணைக்குள் யாரோ குத்துவது போலத்தான் இருந்தது. நான் நின்றுகொண்டேயிருந்தேன். அதுவே எனக்குக் குழப்பமாக இருந்தது. இது ஊரில் கேட்ட வெடி இல்லை என்று என் உடம்புக்கு எப்படித் தெரிந்தது?

அவள் சின்னத் துப்பாக்கியால் நாலு தரம் சுட்டுவிட்டுக் கையை உதறினாள். பிறகு நடுத்தர ரிவால்வரால் சுட்டாள். தலையை ஆட்டினாள், ஏதோ சொன்னாள். முதலாளிக்கு அது போதவில்லை. ஒருத்தியின் கையை நம்பி எப்படி அச்சடிப்பது என்று என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் என் பின்னால் வந்து நின்று, தோளைப் பிடித்து நேராக்கி, என் கைகளில் சின்னதை வைத்தாள்.

விசையை அழுத்தினேன். அது என் கைக்குள் ஒரு மிருகம் மாதிரித் துள்ளியது. பெருவிரல் கவட்டில் தோல் உரிந்து சிவந்தது. கடதாசியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்குப் பிறகு போதும் என்றேன். முதலாளி அதை வாங்கிக்கொண்டு, மெல்லிய பிடி பூட்டிய ரிவால்வரைத் தந்தார். அது பாரமாக, அசையாமல் கையில் இருந்தது. ஐந்து தரம் சுட்டேன். உதை வந்தது, ஆனால் தோள் வரைக்கும் பரவி வந்தது, யாரோ நெட்டித் தள்ளிவிட்டு விலகின மாதிரி. கடதாசியை இழுத்து எடுத்துப் பார்த்தார்கள். நாலு துளைகள் ஒரு தேநீர்ச் சாசருக்குள் அடங்கியிருந்தன. ஐந்தாவது கொஞ்சம் வெளியே.

அவள் என்னைத் தூக்கியே விட்டாள். முதலாளி கடதாசியை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை யோசித்தேன். ஆனால் அதுதான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின நாளைப் போல ஒரு சந்தோஷம். பஸ்ஸில் வரும்போது, என்னுடைய சின்னம்மாவின் மகன் ஒரு துவக்கால்தான் செத்தான் என்பது ஞாபகம் வந்தது. அந்தச் சந்தோஷம் அப்போதும் போகவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சீற்றில் இருந்த மாதிரி இருந்தன. நல்ல பசியும் இருந்தது.

வீட்டில் கணவர் என் கையைப் பிடித்துக் கவட்டைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. "இது மாற எத்தினை நாள் செல்லும்?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணைக்கான கடிதம் அந்தக் கிழமைதான் வந்தது. மூன்று கிழமையில் வரவேண்டும். அவருக்கும் எனக்கும் ஒரே கோரிக்கை என்றாலும் தனித்தனியே கேட்பார்கள். முன்னர் போய்வந்தவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒன்று, ஆயுதம் தொட்டிருக்கிறாயா என்பது.

"இல்லை எண்டு சொல்லும்," என்றார் கணவர். "ஊரில தொட்டதோ எண்டுதானே கேக்கினம். ஊரில தொடேல்லை."

"சத்தியம் பண்ணிப்போட்டு எப்பிடிச் சொல்றது?"

"அப்ப ஓம் எண்டு சொல்லும். சொல்லிப்போட்டு ரெண்டுபேரும் பிளேன் ஏறுவம்."

மூன்று கிழமையும் நான் காலையில் இல்லை என்று சொல்வதாகவும், மாலையில் ஓம் என்று சொல்வதாகவும் தீர்மானித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வழக்கறிஞரிடம் கேட்டிருக்கவேண்டும். இளம்பெண், நல்லவள். கேட்டால் அவளே எங்களைக் கைவிட்டுவிடுவாளோ என்று பயந்து கேட்கவில்லை.

விசாரணை அறையில் ஒரு மேசை, ஒரு ஒலிப்பதிவுக் கருவி. அதிகாரி, வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், நான். மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர். வந்து கனகாலம் ஆனவர். மரியாதையாகப் பேசினார். முதல் ஒரு மணித்தியாலம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"நீங்க எப்பவாவது ஆயுதம் ஏதாவது கையில எடுத்திருக்கீங்களா? உபயோகிச்சிருக்கீங்களா?"

"ஓம்," என்றேன். நான் தீர்மானித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. வழக்கறிஞரின் பேனா நின்றது.

"ஓம்னா, ஆமான்னு சொல்றீங்களா?"

"ஓம். துவக்கு பிடிச்சனான். பாவிச்சது ஒரே ஒரு நாள்."

"எதைத் துவக்குனீங்க?"

"துவக்குத்தான்."

"அதாம்மா கேக்குறேன். எதைத் துவக்குனீங்க? எப்போ?"

"ஒரு ஞாயிற்றுக்கிழமை."

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி, இந்தப் பெண் எதையோ ஆரம்பித்ததாகச் சொல்கிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது விளங்கும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் இருந்தது. எதை ஆரம்பித்தார், அமைப்பு ஏதாவதா என்று அதிகாரி கேட்டார்.

"ஏதாவது இயக்கம் துவக்குனீங்களா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஐயோ, இயக்கம் இல்லை! நான் ஒண்டையும் தொடங்கேல்லை! துவக்கு. துவக்கு எண்டால் பிஸ்டல். சுடுறது!" கையை நீட்டி விரலால் சுட்டுக் காட்டினேன். காட்டிய பிறகுதான் விரல் அதிகாரியின் நெஞ்சுக்கு நேரே நிற்பதைக் கண்டேன். கையை இழுத்து மேசைக்குக் கீழே ஒளித்தேன்.

"அடடா, துப்பாக்கியா," என்றார் மொழிபெயர்ப்பாளர். அவருடைய முகமும் வியர்த்திருந்தது. "உங்க ஊர்ல அதைத் துவக்குன்னா சொல்வாங்க?"

எங்கே என்று அதிகாரி கேட்டார். புவாண்ட்-கிளேரில் என்றேன். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆனால் அதிகாரி திரும்பவும் கேட்டார். வழக்கறிஞர் உடனே இடைவேளை கேட்டாள். நடைபாதையில் அவள் என் முதலாளியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினாள். "எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்றாள். கோபமில்லை, நம்பமுடியவில்லை என்ற குரல்.

ஒரு மணிநேரத்தில் முதலாளி வந்துவிட்டார், பண்டகசாலை உடுப்போடு. கையில் அச்சில் வந்த பிரசுரங்கள், உரிமப் பத்திரங்கள், ஒரு உறை. நான் எப்படி அந்த வேலைக்கு வந்தேன், ஏன் பிடிக்கச் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி பிரசுரத்தைத் திறந்து, கை வரைந்திருந்த பக்கத்தை என் முன்னால் வைத்தார். நான் என் கையை அதன்மேல் வைத்தேன். கோட்டுக்குள் சரியாக அடங்கியது. அதோடு போயிருக்கலாம். ஆனால் முதலாளி அந்த உறையிலிருந்து துளைபட்ட கடதாசியை எடுத்து மேசையில் விரித்தார்.

"பாருங்கள்! வாழ்க்கையில் முதல் தடவை! நாலு குண்டு ஒரு சாசருக்குள்! என் கிளப்பில் இருபது வருடம் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், இப்படிச் சுடமாட்டார்கள்!"

வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி கடதாசியைத் தன் பக்கம் இழுத்தார். முதல் தடவை என்றால் எப்படி இவ்வளவு நன்றாகச் சுட முடிந்தது என்று கேட்டார். நல்ல கேள்விதான். எனக்கே அது தெரியாது.

"துவக்கு கைக்கு அடக்கமா இருந்தது," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் யோசித்தார். அடக்கம் என்றால் பணிவு, அடக்கம் என்றால் சவத்தைப் புதைப்பது. இன்னொரு தவறு விடக்கூடாது என்று பயந்துவிட்டார் போலும். துப்பாக்கி அவர் கைக்குச் சரியான அளவாக இருந்தது என்று கடைசியில் சொன்னார். "அதைத்தானே நானும் எழுதியிருக்கிறேன்," என்று முதலாளி பிரசுரத்தைத் தட்டினார். அதிகாரி ஒரு பிரசுரத்தையும் கடதாசியையும் கோப்பில் வைத்துக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போனார். அது என் பள்ளிக்கூடம் பற்றியது.

அதன் பிறகு பல மாதங்கள் முடிவுக்காகக் காத்திருந்தோம். அந்த மாதங்களில் கணவர் ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தபால்காரரின் சத்தம் கேட்டால் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். நான்தான் கடிதங்களைப் பார்க்கவேண்டும். இல்-பிசார்க்காரி அந்த ரிவால்வரையே மெல்லிய பிடியோடு வாங்கினாள். கிளப் போட்டிகளில் அவளுக்கு இடம் கிடைத்ததா என்று தெரியாது. ஆனால் பண்டகசாலைக்கு வரும்போதெல்லாம் என் கையோடு தன் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் ஒரு மழைநாளில் வந்தது. இருவரையும் ஏற்றிருந்தார்கள். கணவர் அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, "சாசரைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை," என்றார். பிறகு குந்தியிருந்து அழுதார். நான் அழவில்லை. அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் முதலாளியிடம் சொன்னேன். எழுந்து கைகொடுத்தார். இனி உனக்குத் தடை ஒன்றுமில்லையே, கிளப்பில் சேருகிறாயா, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். விண்ணப்பத் தாளையும் தந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உண்மையாகவே யோசித்தேன். வேண்டாம் என்பதற்கு என்னிடம் நிறையக் காரணங்கள் இருந்தன, எல்லாம் நல்ல காரணங்கள். வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு காரணம், அந்த ஞாயிற்றுக்கிழமையின் சந்தோஷம். அதைக் கணவரிடம் சொல்ல முடியவில்லை. அந்தத் தாளைப் பாதி நிரப்பினேன். பெயர், விலாசம், உயரம். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நின்றுவிட்டேன். சில மாதங்களில் பிள்ளை தரித்து வேலையை விட்டேன். வீடு மாறும்போது அந்தத் தாளை மற்றத் தாள்களோடு சேர்த்து ஒரு பெட்டியில் போட்டது ஞாபகம். எறிந்ததாக ஞாபகம் இல்லை.